மத்தியஸ்தரும் பரிந்து பேசுகிறவரும்

ஜவ்வாது மலையில் ஊழியஞ்செய்த நாட்களில், சாமை விளையும் நிலத்தின் எல்லைபற்றி இரு குடும்பத்தாருக்கிடையே எழுந்த வழக்கை ஊர்ப் பெரியவர் ஒருவர் தீர்த்துவைத்ததைக் கண்டோம். இருவர் சொல்லையும் கேட்டு, எவர் பக்கமும் சாயாமல் அவர் தீர்ப்புக் கூறினார். அன்று மாலை சபையார் ஒருவர், “ஐயா, நம் ஆண்டவரும் இப்படித்தான் நடுவிலே இருக்கிறாரா?” என்று வினவினார். அவ்வினாவே ‘மத்தியஸ்தர்’ என்னும் சொல்லை ஆராய நம்மைத் தூண்டிற்று.

இது வடசொல். ‘மத்திய’ என்பது நடு. ‘ஸ்த’ என்பது நிற்பது. ஆகவே நடுவில் நிற்பவர் என்பது சொற்பொருள். எப்பக்கமும் சேராதவர் என்ற பொருளும் இதற்கு உண்டு. பகவத்கீதை 6:9 மத்தியஸ்தரை நண்பரினின்றும் பகைவரினின்றும் வேறாக எண்ணுகிறது.

தமிழ்த் திருமறை 1 தீமோத்தேயு 2:5இல் ‘மெசித்தேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இச்சொல்லை வழங்குகிறது. அதுவும் ‘நடு’ எனப் பொருள்படும் ‘மெசோஸ்’ என்பதினின்று பிறந்ததே. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் அது யோபு 9:33இல் காணப்படுகிறது. அங்கே யோபு ஏங்குவது விலகி நிற்பவருக்காக அன்று. தேவன்மேலும் தன்மேலும் கைவைக்கத்தக்க ஒருவருக்காகவே. பவுலோ, மத்தியஸ்தர் மனுஷனே என்றும், தம்மையே மீட்கும்பொருளாகக் கொடுத்தார் என்றும் கூறுகிறார். நடுவர் எவரும் வழக்காளியின் கடனைத் தாமே செலுத்துவதில்லை.

1 யோவான் 2:1இல் ‘பராக்கிலேத்தொஸ்’ என்பது ‘பரிந்து பேசுகிறவர்’ எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. பரிதல் என்பது அன்புகூர்தல், இரங்குதல். ஆயினும் இப்பரிவு நீதியைத் தள்ளுவதன்று. அவ்வசனமே அவரை நீதிபரர் என்கிறது. எனவே நடுநிற்றலும் பரிதலும் கிறிஸ்துவில் ஒன்றாய் இணைகின்றன.

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்களென்று கூறப்பட்ட தமிழ்நாட்டார் 20 பேர் காவற்படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். அத்தகைய துக்கவீட்டில் போதகர் ‘நாம் நடுநிலையாளர்’ என்று வாளாவிருக்கலாமா? குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை. மாண்டோரின் மனைவி மக்களுக்காக, உண்மை பிறழாமல் பரிந்து பேசுவது நம் கடமை.

அச்சபையாருக்கு நாம் அளித்த மறுமொழி இதுவே: “ஆம், ஆண்டவர் நடுவிலேதான் இருக்கிறார், ஆனால் இரு பக்கத்தையும் பற்றிக்கொண்டு இருக்கிறார்.”