வாணிகமும் இலச்சினையும்

நல்ல பொருளைச் செய்தல் ஒரு திறன். அதனைச் செய்தவர் இன்னார் என்பதை உலகம் அறியச் செய்தல் வேறொரு திறன். முன்னையதில் நம் திருகோணமலை மாவட்டத்தார் எவர்க்கும் இளைத்தவரல்லர். பின்னையதிலோ நாம் போதிய கருத்துச் செலுத்தினோமல்லோம். இலச்சினை என்பது பெருங் கம்பனிகளுக்கே உரிய ஆடம்பரம் என்றும், நாலைந்து பேர் கூடி நடத்தும் சிறு தொழிலுக்கு அது வீண் செலவு என்றும் நம் வணிகருட் பலர் எண்ணுகின்றனர். சிறு தொழிலுக்கே அது பெரிதும் வேண்டப்படுவது என்பதனை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

இலச்சினையின் ஆற்றலை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பிரடெரிக் கோட்டை வாயிலைக் கடப்போர் ஆங்கே கல்லிற் பொறித்த இணைக்கயலைக் காணலாம். அது பாண்டியர் சின்னம். 13ஆம் நூற்றாண்டிற் சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையிற் கயற்குறி பொறித்தமையை அவன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகின்றது. கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரும், அவருக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் போய்விட்டனர். எழுத்தறியாதவரும் கண்டறியத்தக்க அவ்விரு மீன்களோ இன்றுந் தம் உரிமையாளரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கயல் அரசின் குறி. வணிகக் குறி எத்தகையது என்பதை ஒல்லாந்தரிடம் காணலாம். 1602இல் அமைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் பெயரின் முதலெழுத்துக்களாகிய வி, ஓ, சி என்னும் மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஒரு குறி அமைத்துக்கொண்டது. பெரிய 'வி' எழுத்தின் ஒரு கிளையில் 'ஓ'வும் மறு கிளையிற் 'சி'யும் அமைந்த எளிய வடிவம் அது. அதனைப் பீரங்கியிலும் வார்க்கலாம், பீங்கானிலும் தீட்டலாம், விரல் நுனியளவான செப்புக் காசிலும் அடிக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவில் அடித்த காசுகளில் அக்குறியின் மேல் ஊரின் முதலெழுத்தும் இருந்தது. காலிக்கு 'ஜி'; நம் திருகோணமலைக்கு 'டி'. இன்ன கம்பனியின் காசு, இன்ன ஊரில் அடித்தது என்னும் இரண்டு செய்திகளை நாலே எழுத்துக்கள் உணர்த்திவிட்டன. நல்ல இலச்சினையின் இலக்கணம் இதுவே: சிலவே கோடுகள், ஐயத்துக்கு இடமில்லாத பொருள்.

இனி நம் சிறு வணிகரிடம் வருவோம். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ எருமைத் தயிர் விற்பவருக்குத் தம் ஊரில் இலச்சினை வேண்டுவதில்லை. அவர் முகமே அவருக்கு இலச்சினை. தயிர் புளித்திருந்தால் மறுநாள் அவரிடமே கேட்கலாம். ஆனால் அச்சட்டி லொறியிலேறிக் கந்தளாயைக் கடந்து கொழும்புக்குச் செல்லுமாயின், அவர் முகம் அதனோடு செல்வதில்லை. உண்டு மகிழ்ந்தவர் மறுமுறையும் அதனையே வாங்க விரும்பினும், எதனைச் சொல்லிக் கேட்பார்? பெயரற்ற சட்டிகளுள் நல்லதும் தீயதும் ஒரே விலை பெறும். உழைப்பின் புகழ் இடையில் நிற்பவரைச் சேரும். கருவாட்டுக்கும், நெல்லரிசிக்கும், நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்கென நடத்தப்படும் சிறு விடுதிக்கும் இஃது ஒக்கும். முகம் செல்லாத இடத்துக்கு முகமாகச் செல்வது இலச்சினை.

சிறிதாகத் தொடங்கியோர் இதனால் உயர்ந்த வரலாறுகள் உண்டு. நம் வீடுகளில் அறியப்பட்ட அங்கர் என்னும் பெயர், 1886இல் நியூசிலாந்தின் வைக்காற்றோப் பகுதியில் என்றி ரெய்னோல்ட்ஸ் என்பவர் தம் வெண்ணெய்க்கு இட்டது. தொழிலாளி ஒருவரின் கையிற் பச்சை குத்தியிருந்த நங்கூரமே அதற்கு வித்து என்பர். பம்பாயில் 1942இல் நண்பர் நால்வர் ஏசியன் பெயின்ற்ஸ் என்னும் வர்ண வியாபாரத்தைத் தொடங்கினர். 1954இல் அவர்தம் நிறுவனம் கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லக்ஷ்மணிடம் ஒரு சித்திரம் வரைவித்தது. கையிற் தூரிகையேந்திய 'கட்டு' என்னும் அக்குறும்புச் சிறுவன், வர்ணத்தின் பெயரை வாசிக்க இயலாதவருக்கும் அதனைக் கேட்டு வாங்க வழி செய்தான். 1967இல் அந்நிறுவனம் இந்திய வர்ணத் தொழிலில் முதலிடம் பெற்றது. அவ்வுயர்வுக்குச் சித்திரம் ஒன்றே காரணமன்று. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

செலவுக்கு அஞ்சுவோர் மற்றொன்றையும் அறிதல் நன்று. நைக்கி என்னும் பாதணி நிறுவனத்தின் வளைகோட்டுக் குறியை 1971இல் வரைந்தவர் கரொலின் டேவிட்சன் என்னும் அமெரிக்க மாணவி. அப்பொழுது அவர் பெற்ற ஊதியம் 35 டொலர்.

ஆயின், தொழிலறிந்தவரையே ஏன் நாட வேண்டும்? அழகாக வரைபவர் பலருளர். ஆனால் இலச்சினை சுவரில் மாட்டும் ஓவியமன்று. சிறு சுட்டியிலும், கடைப் பலகையிலும், கைத்தொலைபேசித் திரையிலும் அது ஒன்றுபோலவே தெரிதல் வேண்டும். பல வர்ணங்களில் மட்டுமன்றிக் கறுப்பு மையொன்றிலும் உருக்கெடாது நிற்றல் வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி எழுத்துக்களும் அதனருகே நெருக்கமின்றி அமைதல் வேண்டும். ஊரிலுள்ளோர் யாவரும் கோணமலையையும் நங்கூரத்தையுமே வரைந்துகொண்டால், ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிதல் எங்ஙனம்? தெய்வத் திருவுருவத்தை உறையில் அச்சிட்டால், அவ்வுறை நாளைக் குப்பையிற் கிடக்குமன்றோ? இவற்றையெல்லாம் முன்னரே எண்ணிப் பார்ப்பதே அத்தொழிலறிந்தவரின் வேலை. கோடு வரைதல் அதன் இறுதிப் பகுதியே.

வரைந்த குறியைக் காத்தலும் கடன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியைப் பதிவு செய்யலாம். அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் அவ்வாறே புதுப்பித்துக்கொள்ளலாம். பொருளின் பெயரையோ தன்மையையோ மட்டும் கூறும் குறி ஏற்கப்படாது. 'நல்ல தயிர்' என்னும் சொற்கள் எவர்க்கும் பொதுவானவை. பிறர் குறியை ஒத்ததும் தள்ளப்படும். வரைந்தவரிடமிருந்து உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்வதும் பிற்கால வழக்கைத் தவிர்க்கும்.

தனித்தனியே செலவு செய்ய இயலாதார்க்கு அச்சட்டம் மற்றொரு வழியும் வைத்துள்ளது. பலர் கூடி ஒரு கூட்டுக் குறியைப் பதிந்து, தாம் வகுத்த தரத்துக்குட்பட்டு அதனை வழங்கலாம். பலர்க்குப் பொதுவான ஒரு குறி எவ்வாறு மதிப்புப் பெறும் என்பதற்கு இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கக் குறி சான்று. கலப்பற்ற இலங்கைத் தேயிலையை இந்நாட்டிலேயே பொதி செய்தாலன்றி அச்சிங்கத்தை இட இயலாது. நம் தயிர்ச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. இலச்சினை ஒரு வாக்குறுதி. வாக்கைக் காப்பது பொருள். ஒல்லாந்தக் கம்பனியின் குறி கடைசிவரை அழகாகவே இருந்தது. ஊழலாலும் கடனாலும் நலிந்த அக்கம்பனியோ 1799உடன் மறைந்தொழிந்தது. குறி அதனைக் காக்கவில்லை. தரங்கெட்ட பொருளின் மேலுள்ள நல்ல குறி, 'இதனை வாங்காதே' என்பதற்கே அடையாளமாகிவிடும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வணிகஞ் செய்வோரும், சட்டம் அறிந்தோரும், அச்சுத் தொழில் நடத்துவோரும் உளர். இன்றைய மாணவருள் சித்திரம் பயில்வோர் உளர். இவர்கள் ஒன்றுகூடின், நம் மாவட்டத்துப் பொருள்கள் நம் பெயருடனேயே வெளியூர்களுக்குச் செல்லும். அங்ஙனம் செல்லும் நாளில், உழைத்தவர்க்கே அவ்வுழைப்பின் பெயரும் பயனும் வந்தெய்தும்.