முதல் வாரத்து வேகம்

புது லேப்டாப் வாங்கியவர்களிடம் எப்படியிருக்கிறது என்று முதல் வாரத்தில் கேட்டால், அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சும்மா பறக்குது!" அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிலில் புதுக் கணினியைப் பற்றிய செய்தியைவிட, பரணில் ஏறிவிட்ட பழைய கணினியைப் பற்றிய செய்திதான் அதிகம். முதல் வாரத்தில் நாம் உணர்வது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பிராசஸருக்கு அதில் சேரும் பங்கு பல சமயங்களில் சிறியது.

பத்தாண்டுகளுக்கு முன்பு நடுத்தர விலையில் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் இருந்தது ஹார்டு டிஸ்க். அதன் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. கேட்ட தகவலை எடுக்க, படிக்கும் முனை முதலில் உரிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று முனைக்கு நேரே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தர அதனால் முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கில். இன்றைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஒரு கோப்பை எடுக்க ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆன் செய்து டீ போட்டுவிட்டு வரும் வழக்கம் ஒழிந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். இதே எஸ்.எஸ்.டி.யைப் பழைய லேப்டாப்பிலும் பொருத்தலாம். சென்னை ரிச்சி தெருவில் அரைநாள் வேலை. செலவும் புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான். பிரவுசரும் டைப்பிங்கும் மட்டுமே தேவைப்படும் வீடுகளில், "பறக்குது" என்ற அதே பதிலைப் பழைய கணினியிடமிருந்தே வாங்கியிருக்கலாம்.

உடனே ஒரு மறுப்பு வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதே? விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்களே? நியாயமான மறுப்பு. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் இருப்பது நல்லதல்ல. லினக்ஸுக்கு மாறத் துணியாதவர்கள் புதிது வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அது வாங்குவதற்கான காரணம். வாங்கிய பொருள் நல்லதா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

முதல் அபிப்பிராயம் எதிர்த் திசையிலும் ஏமாற்றும். முதல் நாளில் ஃபேன் இரைகிறது, அடிப்பாகம் சுடுகிறது, பேட்டரி மளமளவென்று இறங்குகிறது. பயந்துபோய்க் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கணினி பின்னணியில் அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டும், கோப்புகளையெல்லாம் தேடுவதற்கு வசதியாக அட்டவணைப்படுத்திக்கொண்டும் இருக்கும். வேலை முடிந்ததும் தானே அடங்கிவிடும். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கும். பாமினியிலோ வானவில்லிலோ தட்டி வைத்த பழைய கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். கணினியில் கோளாறு இல்லை. அந்த எழுத்துரு இன்னும் நிறுவப்படவில்லை, அவ்வளவே. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை முதல் வாரத்தில் தலைகாட்டுவதே இல்லை. இதற்கு நல்ல சாட்சி ஆப்பிளின் பட்டர்ஃபிளை கீபோர்டு. 2015-இல் 12 அங்குல மேக்புக்கோடு வந்தபோது அதன் மெல்லிய வடிவம்தான் பெருமையாகப் பேசப்பட்டது. விசைகளுக்கு அடியில் தூசு புகுந்து, எழுத்துகள் விழாமலோ இரண்டிரண்டாக விழுந்தோ தொல்லை கொடுக்கத் தொடங்கியது பிற்பாடுதான். 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 2019-இன் இறுதியில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய பாணிக்கே திரும்பியது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள 2022-இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் முதல் நாள் அந்த கீபோர்டில் தட்டிப் பார்த்த எவருக்கும் இதில் ஒரு துளியும் தெரிந்திருக்க வழியில்லை. சூடும் இப்படித்தான். மெல்லிய லேப்டாப்பின் பிராசஸர் சில பத்து விநாடிகளுக்கு முழு வேகத்தில் ஓடும். உள்ளே சூடு ஏறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடையில் பார்ப்பது அந்த முதல் சில விநாடிகளை. அதுவும் ஏ.சி. அறையில். சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால்தான் உள்ளிருக்கும் சூடு விரைவாக வெளியேறும் என்பதால், மே மாத வேலூரில் அதே கணினி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அப்படியானால் 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 லேப்டாப்கள்? இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான உதாரணம் அதுதான். ஃபேனே இல்லாத மேக்புக் ஏர், சூடாகாமலும் நாள் முழுக்க பேட்டரி தாங்கியும் முதல் வாரத்தில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. ஆண்டுகள் கழித்தும் அந்த மதிப்பு நிலைத்தது. முதல் அபிப்பிராயம் எப்போதும் தவறு என்று யாரும் சொல்லவில்லை. அது சரியா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதே விஷயம். அங்கும் ஒன்று முதல் வாரத்தில் தெரியவில்லை: அடிப்படை மாடலில் இருந்த 8 ஜி.பி. நினைவகத்தை அப்புறம் கூட்டிக்கொள்ள வழி கிடையாது. 2024 அக்டோபரில் ஆப்பிளே அடிப்படை அளவை 16 ஜி.பி. ஆக்கியது. இன்று பல நிறுவனங்களின் மெல்லிய லேப்டாப்களிலும் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்தே வருகிறது. வாங்கும்போது 16 ஜி.பி. எடுக்காமல் மிச்சம் பிடிக்கும் பணம், என் கணிப்பில், மிச்சமே அல்ல.

திரையின் தெளிவு, தூக்கும் எடை, டச்பேடின் வழவழப்பு ஆகியவற்றில் முதல் நாள் மதிப்பீட்டைத் தாராளமாக நம்பலாம். வேகத்தையும் பேட்டரியையும் முதல் இரண்டு மூன்று நாள் கழித்து, பின்னணி வேலைகள் அடங்கிய பிறகு பாருங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் ஏ.சி. இல்லாத அறையில் வைத்து அரைமணி நேரம் ஒரு வீடியோ அழைப்பை ஓடவிட்டு, கூடவே நீங்கள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். கீபோர்டில் ஒரு முழுப் பக்கம் தமிழில் தட்டுங்கள். திருப்திதானென்றால், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பார்த்து அன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள். எப்போதும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரிக்கு அது ஆயுளைக் கூட்டும்.