ஆலை நகரில் கண்ணாடிக் கலை

கண்ணாடியைப் பயன்பாட்டுப் பொருளாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். சன்னல், குவளை, வளையல், முகம் பார்க்கும் ஆடி, இப்போது கைப்பேசித் திரை என்று அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட பொருள் அது. கல்லிலும் செம்பிலும் மரத்திலும் சிற்பம் கண்ட நமக்குக் கண்ணாடிச் சிற்பம் என்ற சொல்லே சற்றுப் புதிதாக ஒலிக்கிறது. ஆனால், கடந்த அறுபது ஆண்டுகளில் உலகின் பல அருங்காட்சியகங்களில் கண்ணாடி தனிக் கலையாக இடம்பிடித்துவிட்டது. அந்தக் கலை பிறந்த கதையை அறிந்தால், ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழில் பகுதிக்கு அது எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ, 'கண்ணாடி நகரம்' என்றே பெயர்பெற்ற தொழில் நகரம். 1888-இல் எட்வர்டு லிபி என்ற தொழிலதிபர் தமது கண்ணாடி ஆலையை அங்கே கொண்டுவந்தார். 1901-இல் அந்நகருக்கு ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினார். ஆலையும் அருங்காட்சியகமும் ஒரே நகரில் இருந்தன. எனினும் கண்ணாடியை உருக்கி உருவாக்கும் வேலை ஆலைச் சுவருக்குள்ளேயே இருந்தது. வடிவமைப்பாளர் காகிதத்தில் வரைவார். தொழிலாளி உலையின் முன் நின்று அதைச் செய்வார். ஒரு கலைஞர் தம் கையாலேயே கண்ணாடியை ஊதி உருவம் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கருதப்பட்ட காலம் அது.

1962-இல் அந்த நிலை மாறியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மண்பாண்டக் கலை கற்பித்துவந்த ஹார்வி லிட்டில்டன், அருங்காட்சியக வளாகத்தில் ஒரு சிறு உலையை அமைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். முதல் முயற்சி தோற்றது. கண்ணாடி சரியாக உருகவில்லை. அப்போது கைகொடுத்தவர் டொமினிக் லபினோ. கண்ணாடி இழை தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளரான அவர், உலையை மாற்றியமைக்க வழிசொன்னார். இழைத் தயாரிப்பில் பயன்படும் கண்ணாடிக் கோலிகளையும் கொடுத்தார். அவை எளிதாக உருகின. உருகிய கண்ணாடியை ஊதும் நுட்பத்தைக் காட்டியவர் ஹார்வி லீஃப்கிரீன் என்ற ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி.

இன்று 'ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம்' என்று அழைக்கப்படும் கலை இயக்கத்தின் தொடக்கம் இதுதான். ஓர் ஆசிரியரின் கனவு, ஓர் ஆலை விஞ்ஞானியின் அறிவு, ஒரு தொழிலாளியின் கைத்திறன், இம்மூன்றும் கூடுவதற்கு ஒரு பொது நிறுவனம் தந்த இடம் ஆகிய நான்கில் எது குறைந்திருந்தாலும் அது நடந்திருக்காது.

ஓசூருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கண்ணாடிக் கலையின் செய்முறையை உற்றுநோக்கினால் விடை கிடைக்கும். ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தேன்போல் இளகியிருக்கும் கண்ணாடியை இரும்புக் குழலின் முனையில் எடுத்து ஊதுவது ஒரு முறை. அச்சில் வார்ப்பது இன்னொரு முறை. கண்ணாடித் துண்டுகளை அடுக்கி மின்சூளையில் உருக்கி ஒட்டுவது மற்றொன்று. எந்த முறையானாலும், செய்த பொருளை உடனே வெளிக்காற்றில் வைக்க முடியாது. மேற்பரப்பு முதலில் இறுகி, உட்பகுதி பின்னர் சுருங்கும்போது ஏற்படும் இழுவிசை அதை உடைத்துவிடும். ஆகவே சுமார் 500 டிகிரியில் நிறுத்தி, படிப்படியாக ஆறவைக்க வேண்டும். மெல்லிய குவளைக்கு ஓர் இரவு போதும். கனத்த வார்ப்புக்கு நாள்கள், வாரங்கள் ஆகும். அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்துக்காக 1934-இல் வார்க்கப்பட்ட ஐந்து மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியை ஆறவைக்கப் பத்து மாதங்கள் பிடித்தன. ஆறிய பிறகு அறுத்தல், தேய்த்தல், மெருகேற்றல் ஆகிய வேலைகள் தொடங்கும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதும், கடினமான பொருளை அறுத்து மெருகேற்றுவதும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. வாகன உதிரிபாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலைகளும், நுண்ணிய அச்சுகளைக் கடைந்தெடுக்கும் பட்டறைகளும் ஓசூர் தொழில் வளாகங்களின் அன்றாடக் காட்சி. கிருஷ்ணகிரியின் கிரானைட் தொழிலில் பாறையை அறுக்கும் வைரப்பல் ரம்பமும், அதை ஆடிபோல் மின்னவைக்கும் மெருகுச் சக்கரமும் கண்ணாடிக் கலைஞரின் கருவிகளுக்கு நெருங்கிய உறவு. கைக்கடிகாரம் செய்யும் ஊரில் துல்லியத்தின் அருமையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரபும் நமக்குத் துணை நிற்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, அந்தத் துறைமுகத்தின் ரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே செய்யப்பட்டவை போன்ற கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவது அந்த மணிகளின் செய்முறை. அதே அடிப்படை முறையைத் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டைக் கைவினைஞர்கள் அண்மைக்காலம் வரை காத்துவந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தஞ்சையில் 19-ஆம் நூற்றாண்டில் செழித்த கண்ணாடி ஓவியமோ வேறு வகை நுட்பம். கண்ணாடியின் பின்புறத்தில் வரைவதால், கண்ணின் கருமணியும் நகையின் நுண்கோடும் முதலில் வர வேண்டும். பின்னணி வண்ணம் கடைசியில்தான் வரும்.

இன்றைய இந்தியாவிலும் இக்கலைக்குப் பேர்சொல்லும் கலைஞர்கள் உண்டு. ஐதராபாத்தின் சிசிர் சஹானா வார்ப்புக் கண்ணாடியில் சிற்பம் படைக்கிறார். தில்லியின் ஹேமி பாவா கண்ணாடிச் சிற்பத்தில் முன்னோடிகளில் ஒருவர். சென்னையின் அஞ்சலி வெங்கட் சூளையில் உருக்கிய கண்ணாடியில் பணியாற்றுகிறார். தொடுகைக்கு ஒளியால் மறுமொழி தரும் கண்ணாடிப் படைப்பை உருவாக்கிய அஞ்சலி ஸ்ரீனிவாசன், 2016-இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தின் 'எதிர்கால வடிவமைப்பாளர்' விருதைப் பெற்றார். ஆயினும், உலை, எரிபொருள், ஆறவைக்கும் சூளை ஆகிய அனைத்தையும் தனி ஒருவர் தம் செலவில் தாங்குவது எளிதன்று. ஓவியருக்கு ஓர் அறை போதும். கண்ணாடிக் கலைஞருக்கு ஒரு சிறு ஆலையே தேவைப்படுகிறது.

படைப்பதைப் போலவே காட்சிக்கு வைப்பதும் தனிக் கலை. ஓவியத்தின் மீது ஒளி விழுந்தால் போதும். கண்ணாடிக்குள் ஒளி புகுந்து வெளியேற வேண்டும். முன்புறம் மட்டும் விளக்கைப் போட்டால் கண்ணைக் கூசும் பிரதிபலிப்புதான் மிஞ்சும். பின்னாலும் அடியிலும் விளக்கமைத்து, பின்னணியின் நிறத்தைத் தேர்ந்து, பார்வையாளர் சுற்றிவர இடம்விட வேண்டும். பீடம் அதிரக் கூடாது. கனரக வாகனங்கள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலையோரக் கட்டடத்தில் இது சிறிய சிக்கல் அல்ல. பெட்டியில் அடைத்து அனுப்புவது முதல் காப்பீடு வரை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அஞ்சியே பல கூடங்கள் கண்ணாடியைத் தவிர்க்கின்றன.

கண்ணாடியின் உயிர் உலைமுன் நிகழும் சில நிமிடங்களில் இருப்பதால், முடிந்த பொருளை மட்டும் காட்டுவது பாதிக் கதையைச் சொல்வதாகும். ஆலை நகரமான கார்னிங்கில் 1951-இல் திறக்கப்பட்ட கண்ணாடி அருங்காட்சியகத்திலும், டொலிடோவில் 2006-இல் எழுந்த கண்ணாடி மண்டபத்திலும் கலைஞர்கள் பணியாற்றுவதைப் பார்வையாளர்கள் நேரில் காணலாம். அங்கே மக்கள் கூட்டம் உலையைச் சுற்றித்தான் நிற்கிறது.

உலைமுன் நிற்பவர் யார் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. 1976-இல் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த டேல் சிஹூலி, பிறகு தோளிலும் காயமுற்று, ஊதுகுழலைத் தம் குழுவினரிடம் ஒப்படைத்தார். உலகப் புகழ்பெற்ற அவருடைய படைப்புகள் பல கைகளின் உழைப்பு. ஆனால், காட்சிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் பொதுவாக ஒரு பெயர்தான் இருக்கும். பிரோசாபாத்தின் வளையல் தொழிலாளிக்கும் பாப்பாநாயுடுபேட்டையின் மணி செய்பவருக்கும் அந்த ஒரு வரிகூட வாய்த்ததில்லை. தொழிலாளர் நகரில் அமையும் காட்சியாவது இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்: ஊதியவர், வார்த்தவர், மெருகேற்றியவர் என அனைவரின் பெயரும் பலகையில் இடம்பெற வேண்டும்.

இதற்கான வழியும் நம்மிடம் உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கலை, பண்பாடு, மரபுக் கைவினை ஆகியவற்றின் வளர்ச்சியும் அந்தப் பணிகளின் பட்டியலில் உள்ளது. ஓசூரின் நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, ஓர் உலையும் ஆறவைக்கும் சூளையும் ஒரு காட்சிக்கூடமும் கொண்ட பொது மையத்தை அமைக்கலாம். சுமார் 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு இருக்கிறது; அங்குள்ள வடிவமைப்பு மாணவர்களும் வருவார்கள், கலை வாங்குவோரும் வருவார்கள். உள்ளூர் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு அது மாலை நேரப் பள்ளியாகட்டும். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் அங்கே ஆசிரியர்களாகட்டும்.

வீரத்தையும் இழப்பையும் நடுகற்களில் பொறித்து வைத்த மண் கிருஷ்ணகிரி. அந்தக் கற்கள் மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் பேசுகின்றன. உலோகத்தையும் இயந்திரத்தையும் நம்பி வாழும் இன்றைய தலைமுறை தன் கைத்திறனுக்குச் சான்றாக எதை விட்டுச்செல்லப் போகிறது? ஆலையிலிருந்து வெளியேறும் பொருள்கள் விற்றுத் தீர்ந்துவிடும். அவற்றைச் செய்த கைகள் தமக்கென ஒன்றைப் படைத்து, அதில் தம் பெயரைக் காணவும் ஓர் இடம் வேண்டும்.