சாய்வுத் தடுப்புத் தண்டு

சாய்வுத் தடுப்புத் தண்டு அல்லது ஸ்டெபிலைசர் பார் என்பது தானுந்தின் இடது, வலது சக்கரங்களின் தொங்கல் அமைப்புகளை இணைக்கும் முறுக்குத் தண்டு ஆகும். திருப்பங்களில் வண்டி சாய்வதை இது குறைக்கிறது. அதைவிட முக்கியமானது, தண்டு விறைப்பாக உள்ள அச்சில் வெளிப்புறச் சக்கரத்தின் மீது கூடுதல் சுமை ஏறி, அவ்வச்சின் மொத்தப் பிடிப்பு குறைவதாகும்.

பின்புற எஞ்சின் கொண்ட அமெரிக்கத் தானுந்தான செவ்ரோலே கோர்வைரின் 1960–1963 மாதிரிகளில் முன்தண்டு இயல்பாகப் பொருத்தப்படவில்லை. பின்பகுதி முந்தி வழுக்காதிருக்க, முன் டயர்களில் 15, பின் டயர்களில் 26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் பரிந்துரைக்கப்பட்டது. நான்கிலும் ஒரே அளவு காற்றடித்தவர்கள் இச்சமநிலையை அறியாமலே கெடுத்தனர். 1964 மாதிரியில் முன்தண்டு சேர்க்கப்பட்டது. 1965இல் ரால்ப் நேடர் தம் நூலில் முந்தைய மாதிரிகளைக் கடுமையாகச் சாடினார்; 1972இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வோ, சமகால வண்டிகளைவிட அவை ஆபத்தானவையல்ல என முடிவு செய்தது.