கடற்கரைக்குத் தமிழ் படிக்க வந்தவர்கள்

புதுச்சேரி நேரு வீதி முனையில் ஒரு காலை. ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆட்டோக்காரரிடம் கேட்கிறார்: “அண்ணா, லாசுப்பேட்டைக்கு எவ்வளவு?” “டூ ஹண்ட்ரட் மேடம்.” “நூத்தம்பதுக்கு வர்றீங்களா?” “ஓகே, கம்.”

அந்தப் பெண் கேட்டது நல்ல தமிழ். ஆட்டோக்காரர் அவமதிக்கவும் இல்லை; தனக்குத் தெரிந்த மரியாதையைக் காட்டினார். மாதக்கணக்கில் இங்கேயே தங்கித் தமிழ் படிக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போகிறது. அவர்கள் தமிழில் தட்டுகிறார்கள்; கதவு ஆங்கிலத்தில் திறக்கிறது.

இந்த ஊருக்குத் தமிழ் தேடி வருவது புதிய வழக்கமில்லை. பிரெஞ்சு அரசின் அதிகாரியாக 1844இல் இங்கே வந்த எதுவார் ஏரியேல், பத்தே ஆண்டுகளில், 1854இல், இளம் வயதிலேயே இறந்துபோனார். அதற்குள் திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தார். ஏட்டுச்சுவடிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு கப்பலேறிப் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயிற்று. இளமையைப் பிரெஞ்சிந்தியாவில் கழித்துப் பின்னாளில் பாரிஸில் தமிழ்ப் பேராசிரியரான ஜூலியன் வின்சோன், அந்த ஏடுகளைப் பற்றி 1891இல் உ.வே.சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். மூசே, துய்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியும் இதே ஊரின் மிஷன் அச்சகத்தில், 1855இலும் 1862இலுமாக, இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்திய காலத்தை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், கடலுக்கு எட்டிய தூரத்தில், சேன் லூயி வீதியில் ழான் ஃபிலியோசா பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கொடி இறங்கியபின் மொழி படிக்க ஆள் வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். நிறுவனத்தின் முதல் வெளியீடு காரைக்காலம்மையார் பாடல்கள், காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில், 1956இல்.

1960களில் வந்தவர் பிரான்சுவா குரோ. அவருக்குக் கிடைத்த பாடசாலை எப்படிப்பட்டது? நீ.கந்தசாமிப் பிள்ளை போன்ற புலவர்கள் எதிரே உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் என்ன சொன்னார், இலக்கணம் என்ன சொல்கிறது, அதே சொல் வேறெந்தப் பாட்டில் வருகிறது என்று, புத்தகத்தைப் புரட்டாமல் நினைவிலிருந்தே எடுத்துப் போடுகிற தலைமுறை அது. 1968இல் குரோவின் பரிபாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பரிபாடல் தமிழ் படித்தவரையே திணறடிக்கும் நூல். பின்னர் தி.வே.கோபாலையரும் அவரும் சேர்ந்து 1984இலிருந்து தேவாரப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த இரு பெயர்களையும் ஒரே அட்டையில் பார்ப்பதே எனக்கு நிறைவு. மன்னார்குடிப் பக்கத்துப் புலவரும் பிரான்சிலிருந்து வந்தவரும் இந்த ஊரில்தான் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

இது அறைக்குள் கிடைத்த தமிழ். வெளியே தெருத் தமிழ் தானாகவே காதில் விழுந்தது. அன்று புதுவையில் அலுவலகத்துப் பெரியவர்களும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ‘சொல்தா’க்களும் பிரெஞ்சு பேசுவார்கள். ஆனால் பால்காரருக்கும் கீரைக்காரம்மாவுக்கும் வண்ணாருக்கும் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் தமிழில்தான் கேட்டாக வேண்டும்.

கடற்கரையும் அதற்கு உதவியது. அப்போது அங்கே மணல் இருந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் கரைகளில் கட்டுமரங்கள் ஏறிக் கிடக்கும். வலை பிரிப்பார்கள், பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். அயலூர்க்காரர் ஓரமாக உட்கார்ந்தால் போதும், காது பழகிவிடும். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து வரும் மணல் அதில் தேங்கி, நகரத்துக் கரை அரிக்கப்பட்டது. கருங்கல் கொட்டிக் கரையைக் காத்தார்கள். மீனவர்கள் இழந்தது பிழைப்பு. அதோடு ஒப்பிட மற்றதெல்லாம் சிறியது. ஆனாலும் ஊர் பேசுவதை ஓர் அந்நியர் சும்மா உட்கார்ந்து கேட்கிற இடமும் அந்த மணலோடு போனது. சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாரக்கடைசிக்கு வந்த சுற்றுலாப் பயணிகள்.

இன்று படிக்க வருகிறவருக்கு வசதிகளுக்குக் குறைவில்லை. லாசுப்பேட்டையில் புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பிக்கிறது. துய்மா வீதியில் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் கிளையில், பல நாட்டு மாணவர்கள் கூடிச் சங்கப் பாட்டை உரையோடு வாசிக்கும் வகுப்பு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. புதுவையில் காக்கப்பட்டிருக்கும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000; 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. பல சுவடிகளைக் கணினித் திரையிலேயே படிக்கலாம். ஏரியேல் பத்தாண்டு அலைந்து சேர்த்ததுபோன்ற ஏடுகள் இன்று பாரிஸ் மாணவரின் மடிக்கணினிக்கே வந்துவிடுகின்றன.

அப்படியானால் அவர் எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும்? பேச்சுக்காக. அந்தக் காலத்தில் ஏட்டுக்காக வந்தார்கள், பேச்சு கூடவே கிடைத்தது. இப்போது ஏடு வீட்டுக்கே போகிறது. பேச்சு ஒன்றுக்குத்தான் நேரில் வர வேண்டும். வந்தால், பேச்சுதான் கிடைப்பதில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே காபிக் கடையில் ஆங்கிலப் பட்டியல். பரிமாறும் பிள்ளைகளில் பலர் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கே தமிழ் புதிது. தங்குமிடத்தில் வரவேற்பும் கணக்கும் ஆங்கிலம். திக்கித் திணறி ஒரு வாக்கியம் தொடங்கினால், எதிரே இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்.

நாம் தமிழுக்குச் செய்யாதவர்கள் இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மாதிரி இருக்கைகளில் படித்துவிட்டு நம் ஊருக்கு வருகிறவர் “அண்ணா” என்று கூப்பிடும்போது, கொஞ்சம் பொறுத்துத் தமிழிலேயே பதில் சொல்ல ஒரு காசும் ஆகாது. அவர் தப்பாகப் பேசட்டும், நாம் திருத்துவோம், மறுபடி தப்பாகப் பேசட்டும். குழந்தைக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தோம்.

இன்னொரு தடங்கலும் உண்டு. வகுப்பில் ‘என்ன’ என்று படித்தவருக்கு எங்கள் ஊர் ‘இன்னா’ புரிய வெகு நாளாகும். ‘வந்து கொண்டிருக்கிறேன்’ என்று எழுதப் பழகியவர் ‘வந்துகினு இருக்கேன்’ என்பதைக் கேட்டு விழிப்பார். இதற்கு எந்தச் செயலியும் போதாது, ஆள் வேண்டும்.

அந்த ஆட்டோப் பெண்ணைச் சில நாள் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் மறுபடி பார்த்தேன். மீன்கடை வரிசையில் ஓர் ஆயா முன்னால் நின்றிருந்தார். “ஆயா, இந்தக் கூறு எவ்வளவு?” “நூறு ரூபா. நெத்திலி, இப்பதான் வந்துது.” “எண்பதுக்குத் தருவீங்களா?” “கட்டாது பாப்பா. எடுக்கறதுன்னா எடு, இல்லாட்டி நவுரு, பின்னால ஆளு நிக்குது பாரு.”

அந்தப் பெண் நூறு ரூபாயைக் கொடுத்து நெத்திலியை வாங்கிக்கொண்டு ஓரமாக வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பிக் கேட்டார்: “நவுருன்னா என்னங்க?”