மறக்கப்பட்ட படையை மறுபடியும் மறக்கலாமா?

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் நேதாஜியைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழும். கொல்கத்தாவில் நாலு வருஷம் குடியிருந்த எந்தத் தமிழருக்கும் இது தெரியும். விமான நிலையத்துக்கு அவர் பெயர். மெட்ரோ ரயிலில் ஒரு நிலையத்துக்கும் அவர் பெயர். ஷியாம்பஜார் ஐந்து முனைச் சந்திப்பில் குதிரைமேல் அமர்ந்த அவர் சிலை. ஜனவரி 23 வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மாலை போட்ட படம்.

தலைவரை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் துப்பாக்கி சுமந்து நடந்தவர்கள் யார்? இந்தக் கேள்வியை வைத்து எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர் 2020 ஜனவரி 24-ம் தேதி அமேசான் பிரைமில் வெளிவந்தது. பெயர் 'தி ஃபர்காட்டன் ஆர்மி - ஆசாதி கே லியே'. மறக்கப்பட்ட படை, விடுதலைக்காக என்று பொருள். இயக்கியவர் கபீர் கான். ஐந்தே பகுதிகள். அவ்வளவையும் சேர்த்தாலும் ஒரு நீளமான சினிமாவின் நேரந்தான்.

வந்த வேகத்திலேயே இந்தத் தொடரைப் பலர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் ஏதாவது ஒரு ஒப்பீட்டைத்தான் சொல்வார்கள்.

தேநீர் வேளைத் தர்க்கம்

எங்கள் ஆபீஸில் தேநீர் வேளையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. வங்காளி நண்பர் ஒருவர், "'பாண்ட் ஆஃப் பிரதர்ஸ்' பார்த்தவன் இதை எப்படி தாதா பார்ப்பான்?" என்றார். இன்னொருவர், "நேதாஜி கதை என்று நினைத்து உட்கார்ந்தேன். யாரோ ஒரு லெப்டினன்டின் காதல் கதையாக இருக்கிறது" என்று குறைப்பட்டார். மூன்றாமவர் 2017-ல் ராஜ்குமார் ராவ் நடித்து வந்த 'போஸ்: டெட் / அலைவ்' தொடரின் விறுவிறுப்பு இதில் இல்லை என்றார்.

அன்று மாலை இதை எங்கள் மெஸ்ஸில் சொன்னேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "எங்க சின்னத் தாத்தா மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர் தம்பி. யுத்தம் வந்ததும் கடுதாசி நின்னு போச்சு. யுத்தம் முடிஞ்சும் வரல்லே. ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்களோ, போஸ் பட்டாளத்தில் சேர்ந்தாரோ, இன்னிய வரைக்கும் தெரியாது. இந்தப் படத்தைப் பார்த்தப்பத்தான், அவர் இப்படி நடந்திருப்பாரோன்னு நெனச்சுப் பார்க்க எனக்கு ஒரு முகம் கிடைச்சது."

ஆபீஸ் தர்க்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஒவ்வொரு ஒப்பீடாக எடுத்துப் பார்ப்போம்.

வென்றவர் கதையும் தோற்றவர் கதையும்

முதலில் 'பாண்ட் ஆஃப் பிரதர்ஸ்'. 2001-ல் அமெரிக்காவில் வந்த பத்துப் பகுதித் தொடர். இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட்டில் குதித்துப் போரிட்ட ஒரு கம்பெனியின் கதை. மிக நல்ல தொடர் என்பதில் சந்தேகமில்லை. அதன் பகுதிகளின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியிலிருந்த உண்மையான முதியவர்கள் வந்து பேசுவார்கள். பார்ப்பவர் நெஞ்சு அங்கேயே இளகிவிடும்.

ஆனால் அந்தச் சிப்பாய்கள் வென்ற படையைச் சேர்ந்தவர்கள். ஊர் திரும்பியபோது அவர்களுக்கு வரவேற்பு இருந்தது, பதக்கம் இருந்தது, பென்ஷன் இருந்தது. அவர்கள் நடந்த ஒவ்வொரு மைலுக்கும் ஆவணம் இருந்தது. அவர்களைப் பற்றி 1992-லேயே தனிப் புத்தகம் வந்துவிட்டது.

இந்திய தேசிய ராணுவத்தின் கதி என்ன? யுத்த காலம் முழுவதும் அந்தப் படையைப் பற்றிய செய்தி இந்தியாவுக்குள் வராதபடி பிரிட்டிஷ் சர்க்கார் தணிக்கை வைத்திருந்தது. இப்படி ஒரு படை இருந்தது என்பதே பொதுமக்களில் பெரும்பாலோருக்கு 1945-ல்தான் தெரிய வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த வீரர்களை இந்திய ராணுவம் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகி பென்ஷன் திட்டம் வந்ததே 1972-ல்தான்.

உயிரோடிருந்தவர்களின் குரலைக் கபீர் கான் பதிவு செய்யாமல் விடவில்லை. கேப்டன் லட்சுமி சேகலையும் கர்னல் குர்பக்ஷ் சிங் தில்லானையும் கூட்டிக்கொண்டு, படை நடந்த பாதையிலேயே சிங்கப்பூரிலிருந்து பர்மா வழியாகப் பயணம் செய்து, 1999-ல் ஒரு ஆவணப்படத்தை வெளியிட்டார். அதற்கும் பெயர் 'தி ஃபர்காட்டன் ஆர்மி'தான். தில்லான் 2006-ல் காலமானார். லட்சுமி 2012-ல் காலமானார். தொடர் வந்த 2020-ல் பேசுவதற்கு அவர்கள் இல்லை. இருபது வருஷம் ஒரு கதையைச் சுமந்து திரிந்து அதை எடுத்து முடித்த மனிதரை, செலவுக் கணக்கை வைத்து மட்டும் அளப்பது சரியாகாது.

சண்டைக் காட்சிகள் சிறியவை என்பார்கள். அந்தப் படையே அப்படித்தான் போரிட்டது. 1944-ல் இம்பால், கோஹிமா முனையில் பிரிட்டிஷ் படைக்கு விமானத்தில் உணவும் குண்டும் வந்தன. நம்மவர்களுக்கு விமானம் இல்லை, பீரங்கி போதவில்லை, மழைக்காலம் வந்ததும் அரிசியும் இல்லை. குண்டடி பட்டு இறந்தவர்களோடு மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் ஏராளம். எதிர்ப்பக்கம் நின்ற பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் நம் நாட்டுச் சிப்பாய்களே இருந்தார்கள். ஐரோப்பாவில் பாராசூட்டில் குதித்த அமெரிக்கச் சிப்பாய்க்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை.

தலைவர் கதை வேறு

அடுத்து நேதாஜி விவகாரம். 1945 ஆகஸ்ட் 18-ம் தேதி தைஹோகுவில் விமான விபத்து நடந்தது. அதில் அவர் இறந்தாரா, தப்பினாரா என்ற சர்ச்சை வங்காளத்தில் இன்னும் ஓயவில்லை. 'போஸ்: டெட் / அலைவ்' அந்த மர்மத்தை வைத்து எடுத்த தொடர். 2019-ல் ஸ்ரீஜித் முகர்ஜி எடுத்த 'கும்னாமி' படமும் அதே வழிதான். மர்மக் கதை என்றால் விறுவிறுப்புக்குக் குறைவிருக்காது.

கபீர் கானின் தொடரில் மையப் பாத்திரம் லெப்டினன்ட் சோதி என்ற இளைஞன். சன்னி கௌஷல் நடித்திருக்கிறார். சிங்கப்பூர் வீழ்ச்சியில் கதை தொடங்குகிறது. 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் படை அங்கே சரணடைந்தது. பதினேழாம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கைதியாக இருப்பதா, புதிய படையில் சேருவதா? சேர்ந்தால் நேற்று எடுத்த சத்தியத்தை மீற வேண்டும். சேராவிட்டால் ஜப்பானியர் முகாம். அந்த மைதானத்தில் நின்ற சிப்பாயின் மனதுக்குள் நடந்த யுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்ட தொடர் இது.

தமிழ் சினிமாவிலும் இந்தப் படை வந்திருக்கிறது. 1996-ல் வந்த 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசனின் சேனாபதி தாத்தா நேதாஜியின் படையில் இருந்தவர்தான். ஆனால் அங்கே அது கதாநாயகனின் பூர்வ கதை. இங்கே அதுவே முழுக் கதை.

மாயா ஸ்ரீனிவாசன் யார்?

நாம் இந்தத் தொடரைத் தள்ளக்கூடாது என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. இதன் கதாநாயகி மாயா ஸ்ரீனிவாசன் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். ஷர்வரி நடித்திருக்கிறார். கையில் புகைப்படக் கருவியோடு வரும் இந்தப் பெண் பிறகு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி எடுக்கிறாள்.

மாயா கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளைப் போன்றவர்கள் உண்மையில் இருந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21-ல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மறுநாள் பெண்கள் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. கோலாலம்பூரில் வசதியாக வளர்ந்த ஜானகி என்ற இளம் பெண், நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட இவருக்கு 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவர்களோடு அணிவகுத்த பெண்களில் பலர் ரப்பர் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தாய்நாட்டைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் அந்த நாட்டுக்காகக் காக்கி உடுத்தினார்கள். ஆண்கள் படையிலும் மலேயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சயாம்-பர்மா ரயில் பாதையில் தோட்டத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. தேசபக்தியால் சேர்ந்தவர் உண்டு. ரயில் பாதைக்குப் பயந்து சேர்ந்தவரும் உண்டு. சுதந்திர இந்திய அரசில் பிரசார மந்திரியாக இருந்த எஸ்.ஏ. அய்யரும் தமிழரே.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. பாட்டு வேண்டாத இடத்தில் பாட்டு வருகிறது. வயதான சோதி 1996-ல் பர்மா போகும் கிளைக்கதை சில இடங்களில் யுத்தக் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. ஆனால் அதை அடியோடு வெட்டச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். எம்.கே. ரெய்னா நடித்த அந்த முதியவரின் முகத்தில்தான், ஊர் மறந்துவிட்ட ஒரு சிப்பாய் ஐம்பது வருஷம் எப்படி வாழ்ந்திருப்பான் என்பது தெரிகிறது.

நமக்கு இன்னொரு குறையும் உண்டு. தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் இந்தியில் பேசுகிறது. படை முகாமில் அது பொருந்தும். அந்தப் படையின் பொது மொழி ரோமன் எழுத்தில் எழுதிய ஹிந்துஸ்தானிதான். தோட்டத் தமிழர்களும் அதைக் கற்றுத்தான் அணிவகுத்தார்கள். ஆனால் வீட்டுக்குள் தமிழ் கேட்டிருந்தால் நம் மனம் இன்னும் குளிர்ந்திருக்கும்.

இந்தக் குறைகளைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வேறொரு நாட்டின் வேறொரு படையின் கதையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, "அதுபோல் இல்லை" என்று ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொல்கத்தா கொடுத்த மரியாதை

அந்தச் சாதாரணச் சிப்பாய்களுக்காக ரத்தம் சிந்திய ஊர் இது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. நவம்பர் 21-ல் கல்கத்தா மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். தர்மதலாவில் போலீஸ் சுட்டது. ராமேஷ்வர் பானர்ஜி என்ற மாணவர் உயிரிழந்தார். 1946 பிப்ரவரியில் கேப்டன் ரஷீத் அலிக்குத் தண்டனை விதித்தபோதும் இந்த நகரம் கொந்தளித்தது. டிராமுக்காக நாம் காத்து நிற்கும் அதே எஸ்பிளனேடு வட்டாரத்தில்தான் இவையெல்லாம் நடந்தன.

எல்ஜின் ரோட்டு வீட்டில், 1941 ஜனவரியில் நேதாஜி நள்ளிரவில் தப்பிச் சென்ற வாண்டரர் கார் இன்றும் நிற்கிறது. ஒருநாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீடு திரும்பி இந்தத் தொடரின் ஐந்து பகுதிகளையும் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்திலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் யார், அவர்களில் திரும்பி வராதவர் யார் என்று.

மெஸ்ஸில் அந்தப் பெரியவர் மூன்றாம் தடவையாக இந்தத் தொடரைப் பார்க்கிறார். தன் சின்னத் தாத்தாவின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி, ஊரிலிருக்கும் பேரனுக்கு அனுப்பியிருக்கிறாராம்.