காலேஜில் சேரும் நேரம்: பிள்ளையின் பாரத்தைக் குறைப்பது எப்படி?

மே மாதம். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள்ளும் ஒரே புழுக்கம்.

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்துவிட்டது. மகன் பாஸ் செய்துவிட்டான். ஆனாலும் வீட்டில் சிரிப்பைக் காணோம்.

"எத்தனை மார்க்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "எதிர் வீட்டுப் பெண் எத்தனை வாங்கினாளாம்?" என்று மாமா கேட்கிறார். "எந்தக் காலேஜ்?" என்று பெரியப்பா போனில் கேட்கிறார்.

பையன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் அதிகமான மாணவ மாணவிகள் பிளஸ்-2 பரீட்சை எழுதுகிறார்கள். பல வீடுகளில் இந்தச் சில வாரங்கள் சோதனைக் காலம்தான். 17 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரம். அதைக் குறைக்கப் பெரியவர்களால் முடியும்.

வழி மிகவும் எளிது. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காகித வேலை பெரியவர்களுக்கு. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை பிள்ளைக்கு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை சர்ட்டிபிகேட்டுக்கு அலைகிறது. படிப்பைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

காகித வேலை

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றில் எவை தேவை என்று பார்த்து, முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனு செய்யலாம். பரீட்சை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையா? அப்படியானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேரும்போது, படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

6-ஆம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத தனி ஒதுக்கீடு உண்டு. மருத்துவப் படிப்புக்கு 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டிலும் இது வந்தது. தலைமை ஆசிரியரைப் பார்த்து, அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரும், தலைப்பெழுத்தும், பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் வீட்டில் இருக்கும் போன் எண்ணையே கொடுங்கள். செய்திகள் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தால், செய்தி கடைக்குப் போய்விடும்.

பொறியியல், கலை அறிவியல், வேளாண்மை, சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் உண்டு. தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுங்கள். கடைசி நாளுக்கு முன்தினமே வேலையை முடித்துவிடுங்கள். பாதிப் பதற்றம் போய்விடும்.

கணக்கு தெரிந்தால் கவலை குறையும்

பொறியியலில் சேரத் தமிழ்நாட்டில் முன்பு தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-ஆம் ஆண்டு முதல் பிளஸ்-2 மார்க்கைக் கொண்டே மாநிலக் கலந்தாய்வு நடக்கிறது. இதில் வரும் "கட்-ஆப்" என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மிரளுகிறார்கள். அது சாதாரணக் கூட்டல் கணக்குதான்.

கணித மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்பியல், வேதியியல் மார்க்குகளில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 200. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 76 என்றால், 90-உம் 40-உம் 38-உம் சேர்ந்து 168.

பிறகு "ரேண்டம் எண்" என்று ஒரு எண் கொடுப்பார்கள். அதைப் பார்த்து அழுத பிள்ளைகளும் உண்டு. அது தரவரிசை அல்ல. இருவருக்கு மார்க்கும், பிறந்த தேதியும்கூட ஒன்றாக இருந்தால், யார் முன்னே என்று தீர்மானிக்க மட்டும் அது பயன்படும்.

முன்பு கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் குடும்பத்தோடு வந்து காத்திருந்தார்கள். 2018-ஆம் ஆண்டு முதல் அது இணையத்தில் நடக்கிறது. மாணவர் வீட்டில் இருந்தே கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகப் பட்டியல் போடலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "பெரிய காலேஜை முதலில் எழுதினால், கிடைக்கிறதும் போய்விடும்" என்று பயப்படுகிறார்கள். அது வீண் பயம். ஒரு மாணவரின் முறை வரும்போது, கம்ப்யூட்டர் அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் இடம் காலியாக இல்லை என்றால் இரண்டாவதைப் பார்க்கிறது. ஆகவே மிகவும் பிடித்ததை முதலில் எழுத வேண்டும். கிடைக்கக் கூடியவற்றையும் கீழே நிறைய எழுத வேண்டும். நாலைந்தோடு நிறுத்தினால்தான் ஆபத்து. இடம் ஒதுக்கியதும் குறித்த நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். மறந்தால் இடம் கைவிட்டுப் போய்விடும்.

இந்தப் பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும். பெண் பிள்ளையானாலும் அவளையே கேளுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டணம், தூரம், விடுதி, பஸ் வசதி ஆகியவற்றை எடுத்துச் சொல்லலாம். வீட்டில் உள்ள பணம் இவ்வளவுதான் என்று உண்மையைச் சொல்வதில் தவறு இல்லை. "உனக்காக நகையை விற்றேன்" என்று குத்திக் காட்டுவதுதான் தவறு.

பேச்சிலும் அளவு வேண்டும்

மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்பதே காரணம். அரசு நிறுத்திய ஒப்பீட்டை வீட்டில் மட்டும் தொடரலாமா?

காலேஜ் பேச்சுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். மற்ற நேரத்தில் வீடு வீடாக இருக்கட்டும். உறவினர் மார்க்கைக் கேட்டால், பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்காமல், "நல்லபடியாகப் பாஸ் செய்துவிட்டான்" என்று தாயோ தகப்பனோ முந்திக்கொண்டு சொல்லிவிடலாம்.

இடம் கிடைக்காவிட்டால்?

ஒரு கதவு மூடினால் வேறு கதவுகள் உண்டு. பிளஸ்-2 தேறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடக்கிறது. பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. பிளஸ்-2 முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக 2-ஆம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. டிப்ளமோ முடித்தபின், பொறியியல் கல்லூரியில் நேராக 2-ஆம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாருடனும் பேசவில்லை என்றால் அலட்சியம் வேண்டாம். "நான் இருந்து என்ன பயன்?" என்று ஒரு வார்த்தை வந்தாலும் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். திட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

மூடிய அறைக்கு வெளியே தகப்பனார் நிற்கிறார். கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

"சாப்பிட வாப்பா. அப்புறம் உட்கார்ந்து எழுதலாம். உனக்கு எது பிடிக்கும் என்று நீ சொல்லு. நான் கேட்டுக்கொள்கிறேன்."

கதவு திறக்கிறது.